டி.ஃபார்ம் படித்து மருந்தாளுநர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் எங்கள் மருந்துக் கடைக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர், பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்றும் சேர்த்துக் கேட்பார்கள். ‘மெடிக்கல் ஷாப் வைக்க என்ன படிக்கணும்?’, ‘பார்மசி டெக்னீஷியன் கோர்ஸ் ஒண்ணு இருக்காமே?’ என்று ஆரம்பிக்கும் அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்வது.

பார்மசி டெக்னீஷியன் என்று தனிப் படிப்பு உண்டா?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உண்டு. அங்கே பார்மசிஸ்ட் ஒருவர், அவருக்குக் கீழே டெக்னீஷியன் என்று இரண்டு அடுக்கு. நம் நாட்டுச் சட்டத்தில் அந்த இரண்டாவது அடுக்கு இல்லை. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கிறவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்குக் குறைந்தபட்சத் தகுதி டி.ஃபார்ம், அதாவது இரண்டு வருட டிப்ளமோ. வெளிநாட்டில் டெக்னீஷியன் செய்யும் வேலைகளையும் அதற்கு மேலான பொறுப்பையும் நம் ஊரில் டி.ஃபார்ம் முடித்தவரே ஏற்கிறார். அதனால் ‘டெக்னீஷியன் ஆக என்ன படிக்கணும்’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டி.ஃபார்ம்தான்.

ஆறு மாத ‘பார்மசி அசிஸ்டென்ட்’ கோர்ஸ் படித்தால் போதாதா?

கடையில் உதவியாளராக வேலை கிடைக்கலாம். மருந்தை அடுக்குவது, பில் போடுவது, ஸ்டாக்கிஸ்டிடம் (மருந்து மொத்த வியாபாரி) ஆர்டர் கொடுப்பது எல்லாம் செய்யலாம். பார்மசி கவுன்சிலில் பதிவு மட்டும் கிடைக்காது. ‘இதை முடித்தால் சொந்தமாக மெடிக்கல் வைக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பேச்சை நம்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். படித்து முடித்து லைசென்ஸுக்கு விசாரிக்கும்போதுதான் அவர்களுக்கு விஷயமே தெரியவந்தது. தபால் வழியில் டி.ஃபார்ம் படிக்கலாம் என்கிற பேச்சும் அப்படியே. நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தால்தான் செல்லும்.

பிளஸ் 2-வில் எந்த குரூப் எடுத்திருக்க வேண்டும்?

இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவதாக உயிரியல் அல்லது கணிதம். கணித குரூப் மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. காமர்ஸ் குரூப்புக்கு இடமில்லை. நீட் தேவையில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம். ‘எங்களுக்கு அங்கீகாரம் உண்டு’ என்று சுவரில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, அதுவும் டி.ஃபார்ம் படிப்புக்கு இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். பி.ஃபார்ம் என்ற பட்டப் படிப்புக்கு வாங்கிய அங்கீகாரம் டி.ஃபார்முக்குப் பொருந்தாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் இரண்டு வருடம் படித்தால் பதிவே கிடைக்காமல் போகலாம்.

சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு இடங்களில் கட்டணம் மிகக் குறைவு. இடங்களும் குறைவு. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் கோரும் அறிவிப்பைத் தவற விடாதீர்கள்.

அப்புறம், கல்லூரிக்கு நேரில் போய் லேபைப் பாருங்கள். தராசும் அளவுக் குடுவைகளும் தினமும் கைபட்டவையா, தூசி படிந்தவையா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். ‘வராமலே அட்டெண்டன்ஸ் போட்டுக்கொடுப்போம்’ என்கிற கல்லூரியிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு வருடத்தில் என்னென்ன பாடம்?

2020-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பாடத்திட்டம் மாறியது. முதல் வருடம் மருந்து தயாரிப்பியல், மருந்து வேதியியல், மூலிகை மருந்துகளைப் பற்றிய பாடம், உடற்கூறும் உடலியங்கியலும், சமூக மருந்தியல். இரண்டாம் வருடம் மருந்தியல் (மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற பாடம்), மருந்துக் கடைப் பணியும் நிர்வாகமும், உயிர்வேதியியல், நோய்களுக்கான மருந்துச் சிகிச்சை, மருத்துவமனை மருந்தியல், சட்டமும் தொழில் நெறியும்.

பழைய பாடத்திட்டத்தில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல மாற்றம். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதே இப்போது பாடமாக இருக்கிறது. மாணவர்கள் அதிகம் பயப்படுவது இரண்டாம் வருட மருந்தியலுக்கு. பிற்பாடு தினமும் கைகொடுப்பதும் அதே பாடம்தான், மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர் சமாளிக்க முடியுமா?

முடியும். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் ஆறு மாதம் சிரமமாக இருக்கும். மருந்தின் பெயர்கள் எல்லோருக்குமே புதியவை, அதில் ஆங்கில வழி மாணவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தினம் பத்து மருந்துப் பெயரை, எழுத்துக்கூட்டி, எதற்கு என்ற குறிப்போடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கவுன்டருக்கு வந்துவிட்டால், பாட்டிக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

500 மணி நேரப் பயிற்சி என்கிறார்களே, அது என்ன?

இரண்டாம் வருடத் தேர்வுக்குப் பிறகு, மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் ஒரு மருத்துவமனையிலோ மருந்துக் கடையிலோ பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். இதை முடிக்காமல் டிப்ளமோ முழுமையாகாது.

பல இடங்களில் இதைச் சும்மா கையெழுத்து வாங்கும் சடங்காக ஆக்கிவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். தெரிந்த கடைக்காரரிடம் போய் ‘போட்டுக் கொடுங்கண்ணே’ என்று முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பதிவு கிடைத்த முதல் நாளே கவுன்டரில் தனியாக நிற்கும்போதுதான் கை நடுங்குகிறது. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் கவுன்டர் பக்கமே விடுவதில்லை. சரக்கு வந்ததும் பில்லோடு பேட்ச் நம்பரும் (ஒரே தடவையில் தயாரான மருந்துக்குப் போடும் எண்) காலாவதித் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும், சீக்கிரம் காலாவதியாகும் அட்டையை முன்னால் வைத்து அடுக்குவதும்தான் வேலை. அட்டையில் 06/2026 என்று இருந்தால் ஜூன் 30 வரை பயன்படுத்தலாம் என்பதுகூட வருகிற மாணவர் எல்லோருக்கும் தெரிந்திருப்பதில்லை.

இன்னொன்று, அட்டையை வெட்டும் விதம். பத்தில் நாலு மாத்திரை கேட்கிறார்கள் என்றால், பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கும் பக்கம் கடைசி வரை நம்மிடம் இருக்கிற மாதிரி மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அப்படி ஒரு செய்தி வந்ததும் கடைக்காரர் முதலில் தேடுவது பேட்ச் நம்பரை. எந்த பாட்டில் அலமாரியில் இருக்கிறது, எது யாருக்குப் போனது என்று உடனே சொல்ல முடிந்தால்தான் மீதியைத் தடுக்க முடியும். இந்தப் பழக்கமெல்லாம் பயிற்சியின்போதே கையில் ஏற வேண்டும்.

எக்ஸிட் தேர்வு என்று ஒன்று உண்டாமே?

டி.ஃபார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் எழுத வேண்டிய தேர்வுக்கான விதிமுறையை பார்மசி கவுன்சில் 2022-இல் கொண்டுவந்தது. மொத்தம் மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். எந்த வருடம் சேர்ந்தவருக்குப் பொருந்தும், எப்போது நடக்கிறது என்பதைக் கவுன்சிலின் புதிய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படித்து முடித்ததும் பதிவு எங்கே?

தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில். பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, டிப்ளமோ, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். பெயரில் இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இழுபறிதான், முன்னமே சரிசெய்து வையுங்கள். பதிவைக் காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும்.

டாக்டர் கையெழுத்தைப் படிப்பதுதான் பெரிய திறமையா?

படிப்பதைவிடப் பெரிய திறமை, புரியாதபோது புரியவில்லை என்று ஒத்துக்கொள்வது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும், வயிற்றுத் தொற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் தொடக்கத்தில் ஒரே மாதிரி எழுதப்படுபவை. கிறுக்கலான சீட்டில் எதுவாக வேண்டுமானாலும் தெரியும். அப்போது நோயாளியிடமே கேளுங்கள்: ‘என்னத்துக்குங்க டாக்டரைப் பார்த்தீங்க?’ பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். மீதிக்கு டாக்டருக்கு போன் போடுங்கள். கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். ஊகத்தில் மட்டும் மருந்து கொடுக்காதீர்கள்.

சீட்டில் எழுதிய பிராண்ட் இல்லையென்றால் அதே மருந்து வேறு கம்பெனியில் கொடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய அட்டவணை ஹெச்-இல் வரும் மருந்துகளுக்கு, எழுதியதற்குப் பதிலாக வேறு கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகளே சொல்கின்றன. பல கடைகளில் நடைமுறை வேறு மாதிரி இருக்கலாம். டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் முறை.

கணக்கு எவ்வளவு வர வேண்டும்?

பள்ளிக் கணக்கு போதும், தடுமாறாமல் வர வேண்டும். உதாரணத்துக்குக் குழந்தைகளின் பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். பத்து கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். கடையில் மூன்று வகை இருக்கிறது. 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. பெட்டிகள் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும். ‘போன தடவை 6 மில்லி கொடுத்தேன்’ என்கிற அம்மாவிடம் பேசாமல் 250-ஐக் கொடுத்தனுப்பினால் இரண்டு மடங்கு. சொட்டு மருந்தைக் கொடுத்தனுப்பினால் நாலு மடங்கு. பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலைப் பாதிக்கும். அதனால்தான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வேன்.

மருந்தைக் கொடுக்கும்போது என்னவெல்லாம் சொல்ல வேண்டும்?

எதற்கு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள். இது அடிப்படை. அதற்கு மேல் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு தனி விஷயம் இருக்கும், அதைத் தெரிந்து வைத்திருப்பவர்தான் நல்ல மருந்தாளுநர்.

தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபியோடு கூடாது. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியில் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் அளவு கெட்டுப்போகும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசருக்குள் போனால் பயனில்லை, உறைந்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆஸ்துமாவுக்குக் கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செய்து காட்டாமல் அனுப்பினால் அதுதான் நடக்கும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டியது. பழக்க தோஷத்தில் தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கவரில் ‘ஞாயிறு மட்டும்’ என்று பெரிதாக எழுதி, வாங்குகிறவர் வாயாலேயே ஒரு தடவை சொல்லவைத்து அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தினசரி மாத்திரைக் கவரில் சூரியன், நிலா வரைந்து கொடுத்தால் போதும்.

‘காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க’ என்று கேட்டால்?

தமிழ்நாட்டில் கவுன்டரில் நிற்கும் எல்லோரும் தினமும் சந்திக்கும் கேள்வி இது. செட் என்றால் ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், சில இடங்களில் ஒரு ஸ்டீராய்டும். கொடுத்தால் மறுநாளே நன்றாகிவிட்டது என்று வந்து சொல்வார்கள், கடைக்கும் பெயர். ஆனால் டெங்குக் காய்ச்சலில் வலி மாத்திரை ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை ஆகாது. பாதி நாளில் நிறுத்திய ஆன்டிபயாடிக் அடுத்த முறை வேலை செய்யாமல் போகலாம். கேட்டு வருகிறவர் டாக்டர் ஃபீஸுக்கு வழியில்லாதவராகவும் இருப்பார், அதையும் மறக்க முடியாது.

நான் செய்வது இவ்வளவுதான்: பாரசிட்டமால் கொடுப்பேன், எத்தனை மணிக்கு ஒன்று என்று சொல்வேன், எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரி என்று சொல்வேன், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொல்வேன். இப்படிச் சொல்லிச் சில வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். பலர் அதனாலேயே திரும்பி வந்தார்கள்.

ஹெச், ஹெச்-1, எக்ஸ் என்று அட்டையில் வருவது என்ன?

மூன்றும் மருந்து விதிகளில் உள்ள பட்டியல்கள், இவற்றில் வரும் மருந்துகள் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஹெச்-1 பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற தூக்க மருந்துகள் அதில் உண்டு. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ் பட்டியலுக்குச் சீட்டின் நகலையே இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது இந்த நோட்டுகளைத்தான்.

வலி மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் போதைக்காகத் தேடி வரும் இளைஞர்களும் உண்டு. பழைய சீட்டின் ஜெராக்ஸோடு வருவார்கள். தேதி பாருங்கள், அசல் கேளுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மிரட்டினால் முதலாளியையும் போலீஸையும் அழையுங்கள்.

சர்டிஃபிகேட்டை வாடகைக்குக் கொடுத்தால் மாதம் பணம் வருமாமே?

கொடுக்காதீர்கள். கடைச் சுவரில் உங்கள் சான்றிதழ் தொங்கும், நீங்கள் வேறு எங்கோ வேலை பார்ப்பீர்கள், கவுன்டரில் நிற்பவர் எதுவும் படிக்காதவராக இருப்பார். அவர் தவறான மருந்து கொடுத்து ஒருவர் இறந்தால் கேஸில் உங்கள் பெயர் வரும். பதிவை ரத்து செய்ய கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கவுன்டரில் மருந்து வாங்குகிற ஊர்க்காரர்கள் படித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் வருகிறார்கள். வீட்டில் கஷ்டம் என்றால் அதே கடையில் மாலை ஷிஃப்ட் மட்டுமாவது உண்மையாக நின்று சம்பளம் கேளுங்கள். படித்தவர்கள் மறுத்துவிட்டால்தான் கடைக்காரர்களும் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள்.

வேலை வாய்ப்பு எப்படி?

தனியார் கடைகளில் தொடக்கச் சம்பளம் குறைவு, இதை மறைத்துப் பயனில்லை. பெரிய மருத்துவமனைகளிலும் செயின் கடைகளிலும் கொஞ்சம் மேல். நாள் முழுக்க நிற்க வேண்டும், ஞாயிறும் ஷிஃப்ட் இருக்கும்.

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலையின் தன்மையே வேறு. மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குகளிலிருந்து வரும், காலையில் வரிசை வாசல் வரை நிற்கும், ஒரு ஆளுக்குச் சில நொடிதான் கிடைக்கும். அந்தச் சில நொடியில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன்.

சொந்தக் கடை வைக்க நினைத்தால் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும், சில்லறை விற்பனை லைசென்ஸும், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டும். தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகம் திட்டத்தில் 2025 பிப்ரவரியில் 1,000 கடைகள் திறக்கப்பட்டபோது டி.ஃபார்ம், பி.ஃபார்ம் முடித்தவர்களுக்கு மானியத்தோடு வாய்ப்பு வந்தது. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்துக்கும் மருந்தாளுநர் தேவை.

மேலே படிக்க விரும்பினால் பி.ஃபார்மில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அங்கங்கே உரிமத் தேர்வு எழுத வேண்டும், சான்றிதழ் சரிபார்ப்பும் உண்டு. ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன் அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் தளத்தில் டி.ஃபார்முக்கு எந்தப் பதவி என்று பார்த்துவிடுங்கள்.

எட்டு வருடமாக மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். அனுபவத்தை வைத்தே பதிவு வாங்க முடியாதா?

முடியாது. உங்களைப் போன்றவர்கள்தான் பல கடைகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், பல புதிய மருந்தாளுநர்களுக்கு அலமாரியைக் கற்றுக்கொடுப்பவர்களும் நீங்களே. ஆனால் சட்டம் கேட்பது டிப்ளமோவை. பிளஸ் 2-வில் அறிவியல் குரூப் படித்திருந்தால் இப்போதும் விண்ணப்பியுங்கள். பிராண்ட் பெயரெல்லாம் ஏற்கெனவே அத்துபடி என்பதால், அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை வகுப்பில் மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வீர்கள். பகலில் கல்லூரி, மாலையில் கடை என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், நாளைக்குத் தன் கடைக்கே மருந்தாளுநராக வரப்போகிறவருக்கு ஃபீஸில் ஒரு பங்கு தருவதற்குக்கூடச் சிலர் சம்மதிக்கிறார்கள். விண்ணப்பம் வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.